மேற்படி, மேற்படி என்றால் எப்படி?

(புராஜெக்ட் அறிக்கையில் ஒரே சான்றைப் பல இடங்களில் காட்டுவது பற்றி)

"சார், மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஆனா 'காலம் பொன் போன்றது' மாதிரி வேண்டாம் சார்" என்று மாணவர் பேரவைத் தம்பிகள் இரண்டு பேர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். காலத்தையும் பொன்னையும் விட்டுவிட்டால் வேறு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேசை மேல் கிடந்த ஒரு புராஜெக்ட் அறிக்கை கண்ணில் பட்டது. மூன்றாமாண்டு சிவில் பேட்ச் ஒன்று திருத்தக் கொடுத்திருந்த முதல் பிரதி. வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினேன். 'ரெஃபரன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 22 வரிகள். பரவாயில்லையே, நிறையப் படித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தால், அதில் ஏழு வரி ஒரே ஐ.எஸ். 456! ஏழு இடத்தில் பயன்படுத்தினார்களாம், அதனால் ஏழு தடவை எழுதினார்களாம்.

சிரிப்பு வந்தது. ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இதே விஷயத்தில் நான் பட்ட அடி இருக்கிறதே, அது இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன்.

2003-ஆம் ஆண்டு. வேறொரு ஊரில் டிப்ளமோ கடைசி வருஷம். எங்கள் பேட்சில் ஐந்து பேர். ஆற்று மணலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கல்குவாரித் தூளைப் போட்டால் எம்20 கான்கிரீட்டின் வலிமை என்ன ஆகும் என்பது எங்கள் தலைப்பு. தூள் 0, 20, 40, 60 சதவீதம் என்று நான்கு கலவை. ஒவ்வொரு கலவைக்கும் 7 நாள் சோதனைக்கு மூன்று க்யூப், 28 நாள் சோதனைக்கு மூன்று க்யூப். ஆக 24 க்யூப். பதினைந்து சென்டிமீட்டர் க்யூப் ஒன்று எட்டு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். கலந்தது, வார்த்தது, தண்ணீர்த் தொட்டியில் இறக்கியது, ஏற்றியது, மெஷினில் வைத்து நொறுக்கியது எல்லாம் நாங்களே. லேப் அட்டெண்டர் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அந்த மாதம் முழுக்க எங்கள் கைரேகை சிமெண்டில் அழிந்துபோயிருந்தது.

வேலையை இப்படி ஒழுங்காகச் செய்தவர்கள், அறிக்கையைக் கோட்டை விட்டோம். ஐந்து அத்தியாயம், ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நோட்டு. ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்துக்குத் தானே 1, 2, 3 என்று சான்று எண் போட்டுக்கொண்டோம். என் நோட்டில் 2 என்றால் ஐ.எஸ். 456, பக்கத்து நோட்டில் 2 என்றால் கான்கிரீட் பாடப்புத்தகம். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து ஐந்தையும் ஒட்டினோம். பட்டியல் 31 வரி வந்தது. அதில் ஒரே நூல் மூன்று தடவை, நான்கு தடவை. "அசிங்கமா இருக்குடா, திரும்ப வந்ததை எடுத்துடு" என்று ஒருவன் சொன்னான். எடுத்தோம். 19 ஆனது. அழகாக 1 முதல் 19 வரை மறுபடி எண் போட்டோம். பட்டியலில் மட்டும்! உள்ளே பக்கங்களில் இருந்த எண்களை யாரும் தொடவில்லை. மணி இரண்டாகிவிட்டது, தூக்கம்.

வைவா அன்று எக்ஸ்டெர்னல் நிதானமான மனிதர். அறிக்கையைப் புரட்டினார். எங்களுடைய 28 நாள் வலிமை அட்டவணைக்கு வந்தார். அதன் தலைப்பில் [6] என்று இருந்தது. எழுதியவன் நோட்டில் 6 என்பது சோதனை முறையைச் சொல்லும் ஐ.எஸ். 516. 'இந்த முறைப்படி சோதித்தோம்' என்பதற்காகப் போட்டது. புதிய பட்டியலில் 6-ஆவதாக உட்கார்ந்திருந்ததோ, கல்குவாரித் தூளைப் பற்றி வேறு ஒருவர் எழுதியிருந்த கருத்தரங்கக் கட்டுரை! அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏம்பா, இந்த டேபிள்ல இருக்கிறது உங்க ரிசல்ட்டா, இல்ல இவரோட ரிசல்ட்டா?"

"எங்க ரிசல்ட்தான் சார்."

"அப்புறம் ஏன் அவர் நம்பர் போட்டிருக்கு?"

பதில் இல்லை. நாங்கள் கை நோக நொறுக்கிய 24 க்யூபும் எங்கள் கண்ணெதிரிலேயே இன்னொருவருடையது ஆகிவிட்டன. எங்கள் அறிக்கையே அப்படித்தானே சொல்கிறது!

நண்பர்களே, சான்று காட்டுவதை நம்மில் பலர் ஒரு சம்பிரதாயமாக நினைக்கிறோம். கடைசிப் பக்கம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக நாலு புத்தகப் பெயர். அப்படியல்ல. சான்று எண் இரண்டு வேலை செய்கிறது. 'இது அங்கிருந்து வந்தது' என்பது ஒன்று. 'எண் இல்லாத மற்றதெல்லாம் என்னுடையது' என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரே சான்று திரும்பத் திரும்ப வரும்போதுதான் அவருடைய சரக்கு எங்கே முடிந்தது, நம்முடையது எங்கே தொடங்கியது என்ற வரப்பு அழிந்துபோகிறது.

சரி, முறைக்கு வருவோம்.

சான்று காட்டும் முறைகள் உலகத்தில் எத்தனையோ இருந்தாலும், ஒரே சான்று இரண்டாம் தடவை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவை மூன்று விதமாகத்தான் பதில் சொல்கின்றன. எண் முறை, ஆசிரியர்-ஆண்டு முறை, அடிக்குறிப்பு முறை.

பொறியியல்காரர்களுக்குப் பழக்கமானது எண் முறை. ஐ ட்ரிபிள் ஈ பத்திரிகைகளில் வருவது இதுதான். நூல் எந்த வரிசையில் கட்டுரைக்குள் முதன்முதலாக வருகிறதோ, அந்த வரிசையில் எண். முதலில் வந்தது [1], அடுத்தது [2]. முக்கியமான விதி இனிமேல்தான்: ஒரு நூலுக்கு ஒரு தடவை எண் கொடுத்துவிட்டால் கடைசிவரை அதுவே அதன் எண். ஐம்பது பக்கம் கழித்து வந்தாலும் அதே எண்தான். நம்முடைய ரோல் நம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் லேபுக்கு வந்தாலும் அதே நம்பர், பரீட்சைக்கு வந்தாலும் அதே நம்பர். லேபுக்கு ஏழு நாள் வந்தான் என்பதற்காக வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் பெயரை ஏழு தடவை எழுதுவோமா? மருத்துவப் பத்திரிகைகளில் வழங்கும் வான்கூவர் முறையும் இதே எண் கணக்குதான். 1978-இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியதால் வந்த பெயர் அது.

ஆகவே என் மேசையிலிருந்த அறிக்கையின் ஏழு வரியும் ஒரே வரியாக வேண்டும். உள்ளே ஏழு இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். "அப்படின்னா எந்த இடத்தில் என்ன எடுத்தோம்னு எப்படித் தெரியும் சார்?" என்று அந்த பேட்ச் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஐ.எஸ். 456 நூறு பக்கம் கொண்ட புத்தகம். வெறும் [2] என்று போட்டு, 'உள்ளே எங்கேயோ இருக்கிறது, தேடிக்கொள்' என்று வாசகரை அனுப்புவது ஊர் பெயரை மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போடுவது போல. அதனால் எண்ணோடு சேர்த்து இடத்தையும் சொல்ல வேண்டும். [2, ப. 18] என்று பக்கம் கொடுக்கலாம். [2, அட்டவணை 5] என்று கொடுக்கலாம். பிரிவு எண் இருந்தால் [2, பிரிவு 26.4] என்று கொடுக்கலாம். பட்டியலில் நூல் ஒரே தடவை. பக்கமும் அட்டவணையும் உள்ளே, பயன்படுத்திய அந்தந்த இடத்தில். நம் பையன்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கத்தைப் பட்டியலில் எழுதுகிறார்கள், பக்கம் மாறினால் புது வரி போடுகிறார்கள், அதனால்தான் ஒன்று ஏழாகிறது.

இடத்தைச் சொல்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு எங்கள் அறிக்கையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. அந்த எக்ஸ்டெர்னல் அதையும் பிடித்தார். ஓர் அத்தியாயத்தில் ஸ்லாப் கம்பிக்குக் கவர் 15 மில்லிமீட்டர் என்று எழுதி ஐ.எஸ். 456 என்று போட்டிருந்தோம். அடுத்த அத்தியாயத்தில் கவர் 20 மில்லிமீட்டர், அதற்கும் ஐ.எஸ். 456. "ஒரே கோடு, ரெண்டு கவர் சொல்லுதா?" என்றார்.

நடந்தது என்னவென்றால், எங்கள் லைப்ரரியில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று 1978 பதிப்பு, இன்னொன்று 2000 பதிப்பு. இந்தக் கோடு 1953-இல் முதலில் வந்து, 1957, 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1978 பதிப்பில் ஸ்லாபுக்குக் குறைந்தபட்சக் கவர் 15 மில்லிமீட்டர். 2000 பதிப்பில் கணக்கே மாறி, கட்டடம் எந்தச் சூழலில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கவர் வந்தது. அட்டவணை 16-இன்படி மிதமான சூழலுக்கு 20, கடுமையான சூழலுக்கு 45, மிகமிகக் கடுமையானதற்கு 75 மில்லிமீட்டர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 போதும் என்று 1978 சொன்னது. 2000 பதிப்பு அதை எம்20 ஆக்கியது. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு சான்றுகள். பட்டியலில் இரண்டு வரி, இரண்டு எண். ஆண்டைப் போடாமல் 'ஐ.எஸ். 456' என்று மொட்டையாக எழுதினால், அண்ணனும் தம்பியும் ஒரே ஹால் டிக்கெட்டில் பரீட்சை எழுதிய கதைதான்.

இந்த இடத்தில் நம் சிவில் துறை ஆசிரியர்கள் யாராவது, "2000 பதிப்பிலும் 15 வருமே!" என்று கேட்கக்கூடும். உண்மைதான். அட்டவணை 16-க்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. மிதமான சூழலில், பிரதானக் கம்பி 12 மில்லிமீட்டர் விட்டம் வரை இருந்தால் கவரில் 5 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் 15 போட்டோம் என்றால் [2, அட்டவணை 16, குறிப்பு 1] என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் எக்ஸ்டெர்னல் வாயைத் திறந்திருக்க மாட்டார். உண்மையில் எங்களில் ஒருவரும் அந்தக் குறிப்பைப் படித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்! கடற்கரை ஊரில் வீடு கட்டும் ஒருவர் இந்த மாதிரி மொட்டைக் குறிப்பை நம்பி 15 மில்லிமீட்டர் கவர் வைத்தால், கம்பி துருப்பிடித்து ஸ்லாப் பெயர்ந்து விழும்போது கேட்க நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

அடுத்தது ஆசிரியர்-ஆண்டு முறை. அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர், ஆண்டு. எண்ணே கிடையாது. ஹார்வர்டு முறை என்று இதைச் சொல்வார்கள். ஹார்வர்டில் விலங்கியல் ஆசிரியராக இருந்த எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்பவர் 1881-இல் ஓடில்லாத நத்தையின் முட்டையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இப்படிச் செய்ததுதான் இதற்குத் தொடக்கம் என்கிறார்கள். நத்தையில் தொடங்கியது இன்று உளவியல், சமூகவியல், மேலாண்மைப் பாடங்கள் முழுக்க ஊர்ந்து பரவிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையும் இந்த வகைதான். இதில் திரும்பச் சொல்வது சுலபம். ஒவ்வொரு தடவையும் பெயரையும் ஆண்டையும் அப்படியே போட வேண்டியதுதான். நடுவில் பத்து சான்று புதிதாகச் செருகினாலும் எதுவும் புரளாது. எங்கள் பேட்ச் இந்த முறையில் எழுதியிருந்தால் அந்த ராத்திரி விபத்தே நடந்திருக்காது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு நூல் எழுதிவிட்டால்? இந்தியத் தரநிர்ணய அமைவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லி, மணல் பற்றிய ஐ.எஸ். 383-இன் திருத்தமும் 2016. நிலநடுக்க வடிவமைப்பு பற்றிய ஐ.எஸ். 1893 முதல் பகுதியின் திருத்தமும் 2016. இரண்டையும் (பி.ஐ.எஸ்., 2016) என்று எழுதினால் மணலைத் தேடியவர் நிலநடுக்கத்தில் போய் விழுவார். அதனால் 2016ஏ, 2016பி என்று ஆண்டோடு ஓர் எழுத்தைச் சேர்த்துப் பிரிக்க வேண்டும். பட்டியலிலும் அதே எழுத்து. ஆசிரியர்கள் பல பேராக இருந்தால் முதல் பெயரோடு 'மற்றும் பிறர்' என்று சுருக்குவதும் உண்டு. ஏ.பி.ஏ.வின் 2009 பதிப்பில், மூன்று முதல் ஐந்து ஆசிரியர் இருந்தால் முதல் தடவை எல்லாப் பெயரையும் எழுதி, இரண்டாம் தடவையிலிருந்துதான் சுருக்க வேண்டும் என்று இருந்தது. 2019 பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள். மூன்று பேர், அதற்கு மேல் என்றாலே முதல் தடவையிலிருந்து சுருக்கம்தான். பழைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

மூன்றாவது, அடிக்குறிப்பு முறை. வரலாறு, இலக்கியம் படிப்பவர்களின் முறை. நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் நம் ஊர்க் கதை இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். இதில் குறிப்பு எண் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். அதே நூல் மறுபடி வந்தாலும் புதிய எண்தான். எண் முறைக்கு நேர் எதிர்! இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். எண் புதிது, ஆனால் நூல் பழையது என்பதால் முழு விவரத்தையும் திரும்ப எழுதாமல் சுருக்குவார்கள். ஆங்கில நூல்களின் அடியில் 'இபிட்.' என்று பார்த்திருப்பீர்கள். 'இபிடெம்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். 'அதே இடத்தில்' என்று பொருள். மேலே உடனடியாக முந்தின குறிப்பில் சொன்ன அதே நூல் என்று அர்த்தம். நடுவில் வேறு நூல் வந்துவிட்டால் இபிட். செல்லாது. அப்போது ஆசிரியர் பெயரோடு 'ஆப். சிட்.' என்று போடுவார்கள். 'முன்பு காட்டிய நூலில்' என்று பொருள்.

தமிழ் ஆய்வேடுகளில் இபிட்.டுக்கு நிகராக 'மேலது' என்று எழுதுவார்கள். 'மேலது, ப. 45' என்றால் மேலே சொன்ன அதே நூல், 45-ஆம் பக்கம். ஆப். சிட்.டுக்கு 'முன்குறிப்பிட்ட நூல்'. இது என்னவோ வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பழைய நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'மேற்படி சொத்து', 'மேற்படி நபர்', 'ஷை கிராமம்' என்று வரிக்கு வரி வரும். ஒரே ஆளை, ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் நம் கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்த வழி. 'மேற்படி' என்பதற்குத் தனியாக ஒரு குறியே உண்டு: ௸. இன்றைக்கும் கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளோடு அதுவும் இருக்கிறது.

பத்திரத்தில் மேற்படி ஆபத்தில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிந்தாகிவிட்டது. நடுவில் யாரும் ஒரு வரியைச் செருக முடியாது. நம் அறிக்கை அப்படியா? கைடு சார் "இங்க ஒரு பாரா சேருப்பா" என்பார். சேர்ப்போம். அந்தப் பாராவுக்கு ஒரு புது அடிக்குறிப்பு வரும். அதற்குக் கீழே இருந்த 'மேலது' இதுவரை பாடப்புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது புதிதாக வந்த சிமெண்ட் கம்பெனி விளம்பரத் தாளைக் காட்டும்! அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. மேலே இருப்பதைக் காட்டச் சொன்னோம், காட்டுகிறது. இந்தத் தொல்லையால்தான் அடிக்குறிப்புக்குப் பேர்போன சிகாகோ கையேடே 2017-இல் வந்த தன் 17-ஆம் பதிப்பில், இபிட்.டைவிட ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்கம் ஆகியவற்றை எழுதுவதே மேல் என்று சொல்லிவிட்டது. என் அபிப்பிராயமும் அதுதான். மேலது போடுவதால் மிச்சமாவது அரை வரி. தொலைவது மொத்த நம்பிக்கை.

இனி, எந்தக் கையேட்டிலும் ஒரே வரியில் விடை கிடைக்காத கேள்வி. ஒரு பாரா முழுக்க ஒரே நூலிலிருந்து எடுத்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் எண் போடவா? கடைசியில் ஒரு தடவை போதுமா?

வாக்கியந்தோறும் போட்டால் பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். கடைசியில் மட்டும் போட்டால் அந்த எண் கடைசி வாக்கியத்துக்கா, பாரா முழுவதுக்குமா என்று தெரியாது. நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இது: பாராவின் தொடக்கத்திலேயே ஆசிரியரின் பெயரைச் சொல்லி, எண்ணைப் போட்டுவிடுங்கள். 'ஷெட்டி தம் நூலில் விளக்குவதாவது [4]' என்கிற மாதிரி. பிறகு 'அவர் மேலும் கூறுவது', 'அந்நூலின்படி' என்று வாக்கியத்திலேயே நூல் தெரியும்படி கொண்டுபோங்கள். எண் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நடுவில் இன்னொரு சான்று நுழைந்தாலும், உங்கள் சொந்தக் கருத்து ஒரு வரி வந்தாலும், அதற்குப் பிறகு பழைய நூலுக்குத் திரும்பும்போது எண்ணைத் திரும்பப் போட வேண்டும். புது பாரா தொடங்கினாலும் போட வேண்டும். வாசகர் பாராவை முதலிலிருந்து படிப்பார் என்று என்ன நிச்சயம்? நேராக நடுப் பாராவுக்கு வருகிறவர்தான் அதிகம்.

எண்கள், அட்டவணை, படம், அப்படியே எடுத்த வாக்கியம் — இந்த நாலுக்கும் சலுகை கிடையாது. முந்தின வரியிலேயே போட்டிருந்தாலும் மறுபடியும் போடுங்கள், பக்கத்தோடு. உங்கள் சொந்த அட்டவணையாக இருந்தால் 'எங்கள் சோதனை' என்று தலைப்பிலேயே எழுதுங்கள். சோதனை முறைக்கான எண்ணைத் தலைப்பில் ஒட்டாமல், 'இம்முறைப்படி சோதித்தோம் [6]' என்று மேலே பாராவில் எழுதுங்கள். எங்கள் விபத்தின் மூலகாரணமே அந்த ஒட்டுதல்தான். பட்டியல் புரளாமல் இருந்திருந்தால்கூட, அட்டவணைத் தலைப்பில் [6] என்றால் 'இந்த எண்கள் 6-லிருந்து வந்தவை' என்றுதான் யாரும் படிப்பார்கள்.

ஒரு பேட்ச்சின் அத்தியாயத்தில் எண்ணிப் பார்த்தேன். இருபது இடத்தில் சான்று, இருபதும் [4]. முறைப்படி தப்பே இல்லை. ஆனால் அது அத்தியாயம் அல்ல, [4]-இன் நோட்ஸ். ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், எண்ணைக் குறைப்பதற்கு வழி தேடாதீர்கள். லைப்ரரிக்குப் போய் இன்னும் இரண்டு புத்தகம் எடுங்கள். இன்னொன்று: ஷெட்டியின் நூலில் வேறொருவரின் ஆய்வு சொல்லப்பட்டிருக்கிறது என்றால், நீங்கள் படித்தது ஷெட்டியை மட்டும்தான். அந்த வேறொருவரின் கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு ஒரு புது எண் கொடுப்பது பொய்ச் சாட்சி. நம் பழைய உரையாசிரியர்கள் பல நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக்காட்டி, நூலின் பெயரைச் சொல்லாமலே போயிருக்கிறார்கள். படிக்கிறவனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. பிறகு நூலே அழிந்துவிட்டது. எந்த வரி எந்த நூலுடையது என்று பின்னால் வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தேட வேண்டியிருந்தது.

கடைசியாகக் கணிப்பொறி விஷயம். எண்ணைக் கையால் அடிக்கவே அடிக்காதீர்கள். வேர்டில் பட்டியலுக்கு ஆட்டோமேட்டிக் நம்பரிங் கொடுத்துவிட்டு, உள்ளே எண் வேண்டிய இடத்தில் கிராஸ் ரெஃபரன்ஸ் மூலம் பட்டியலின் அந்த வரியைக் காட்டிச் செருகுங்கள். அதே நூல் இருபது இடத்தில் வந்தால் இருபது இடத்திலும் அதே வரியைக் காட்டுங்கள். பட்டியலின் நடுவில் ஒன்றைச் சேர்த்தாலும் எடுத்தாலும், முழுவதையும் தேர்வு செய்து எஃப் 9 பொத்தானைத் தட்டினால் உள்ளே எல்லா எண்ணும் தானாக மாறிக்கொள்ளும். தட்ட மறந்தால் மாறாது; சிலர் அந்த ஒரு பொத்தானில் கோட்டை விட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். அடிக்குறிப்பையும் இப்படிக் காட்டலாம். ஒரே குறிப்பை இரண்டு இடத்திலிருந்து சுட்ட வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு குறிப்பு எழுத வேண்டியதில்லை. 2006-இல் வந்த சொட்டெரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலையே பார்த்துக்கொள்கிறது. லேடெக்ஸ் பழகியவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. நூலுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்து அதையே எல்லா இடத்திலும் எழுதினால், எண் கொடுக்கும் வேலை மெஷினுடையது. அதோடு சேர்ந்து வேலை செய்யும் பிப்டெக் 1985-லேயே வந்துவிட்டது. அதாவது நாங்கள் டி.டி.பி. சென்டரில் தூங்கி வழிந்ததற்குப் பதினெட்டு வருஷம் முன்னால்!

ஐந்து பேர் எழுதினாலும் பட்டியல் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்தே. ஒருவர் பொறுப்பு. மற்றவர்கள் புது நூல் எடுத்தால் அவரிடம் சொல்லி எண் வாங்க வேண்டும். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒருவர் உள்ளே இருக்கும் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் பட்டியலைப் பார்த்து நூல் பெயரைச் சொல்ல வேண்டும். அரை மணி நேர வேலை.

எங்கள் வைவா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்களில் ஒருவன் ஓடிப்போய் லேபிலிருந்து ரஃப் ரெக்கார்டை எடுத்துவந்தான். தண்ணீர்க் கறை, சிமெண்ட் விரல் அடையாளம், ஒவ்வொரு க்யூபின் எடை, நொறுங்கிய சுமை, தேதி, பக்கத்துக்குப் பக்கம் லேப் அட்டெண்டர் அண்ணனின் கையெழுத்து. எக்ஸ்டெர்னல் ஒவ்வொரு எண்ணாக அட்டவணையோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. "வேலை உங்களுதுதான். ரிப்போர்ட் உங்களுது இல்ல" என்றார். அறிக்கைக்கான மதிப்பெண்ணில் கணிசமாகக் கை வைத்தார். பைண்டு செய்த பிரதிகள் அத்தனையையும் திருத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வரை லைப்ரரித் தரையில் உட்கார்ந்து, ஒயிட்னர் வாங்கக் காசில்லாமல், நீலப் பேனாவால் ஒவ்வொரு எண்ணாக அடித்துத் திருத்தினோம். அந்த அட்டவணைத் தலைப்பிலிருந்த [6]-ஐ நான்தான் அடித்தேன்.